நின்ற ஆலையும் ஏறாத கணக்கும்

(இளம் அறிவியல் - வேதியியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

"ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பது நம் பழமொழி. ஆலை இருந்தும் அது ஒழுங்காக ஓடாத ஊருக்கு எது சர்க்கரை என்று அந்தப் பழமொழி சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்தப் பகுதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் பழனி வட்டத்தைச் சேர்ந்த நெய்க்காரப்பட்டியில் பிறந்து வளர்ந்தவன். கரும்பும் வெல்லமும் எங்கள் பகுதியின் உயிர்நாடி. என் தந்தையார் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சும் தொழிலாளி. தாயார் அதே களத்தில் சக்கை காயப்போடுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். சுக்ரோஸ் நீராற்பகுப்பு அடைவதைப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதியபோது, அது எங்கள் ஊர்க் களத்தில் நாள்தோறும் நடக்கும் செய்தி என்பது எனக்கு விளங்கியது. அது நடக்கும்போதெல்லாம் யாரோ ஒருவருக்குப் பணம் நஷ்டமாகிறது என்பதும் விளங்கியது.

ஒரு தொழிற்கூடத்தில் இயந்திரத்தைச் சரிவரப் பேணாவிட்டால் உண்மையில் ஆகும் செலவு எவ்வளவு? அந்தச் செலவைக் கொடுப்பவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

தெரியும் செலவும் தெரியாத செலவும்

இயந்திரம் பழுதானால் முதலாளி சில செலவுகளைக் கணக்கில் எழுதுகிறார். புதிய பேரிங் வாங்கிய விலை, மெக்கானிக் கூலி, பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ ஆள் அனுப்பிய வண்டிச் சத்தம் ஆகியவை பற்றுச் சீட்டுடன் வருவதால் ஏட்டில் ஏறுகின்றன.

பற்றுச் சீட்டு இல்லாத செலவுகளும் உண்டு. இயந்திரம் நின்ற நேரத்தில் வெட்டிக் கிடந்த கரும்பின் இனிப்புக் குறைவு, சும்மா உட்கார்ந்த ஆட்களின் பொழுது, காத்து நின்ற டிராக்டரின் வாடகை, தரம் குறைந்த வெல்லத்துக்கு மண்டியில் விழுந்த விலை ஆகியவை அவை. இவற்றை எழுத ஏட்டில் பத்தியே கிடையாது. ஆகவே இவை இல்லாத செலவுகள் போலத் தோன்றுகின்றன. உண்மையில் இவையே பெரியவை.

இவற்றிலும் ஒரு வேறுபாடு உண்டு. சில முதலாளியின் பையிலிருந்தே அவர் அறியாமல் போகின்றன. வேறு சில அவர் பையிலிருந்து போவதே இல்லை. விவசாயியின் பையிலிருந்தும் கூலியாளின் பையிலிருந்தும் போகின்றன. முதல் வகையைக் கணக்கிட்டுக் காட்டினால் முதலாளி திருந்தக்கூடும். இரண்டாம் வகையை அவருக்குக் காட்டினாலும் அவர் அவசரப்படமாட்டார். ஏனெனில் அது அவர் செலவு அன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

உருளையின் இடைவெளி

எங்கள் பகுதிக் கரும்பாலைகளில் பெரும்பாலும் மூன்று உருளைகள் கொண்ட இயந்திரமே பயன்படுகிறது. கரும்பு முதலில் ஓர் இடைவெளியில் நசுங்கி, அடுத்து அதைவிடக் குறுகிய இடைவெளியில் பிழியப்படுகிறது. உருளையின் பல் தேய்ந்தாலும், புஷ் ஆட்டம் கண்டாலும் இந்த இடைவெளி சிறிது சிறிதாக அகலும். அகன்றாலும் இயந்திரம் நிற்பதில்லை. சத்தம் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் இதை யாரும் பழுது என்று கருதுவதில்லை.

இதனால் ஆகும் இழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நன்கு பொருத்திய இயந்திரத்தில் 100 கிலோ கரும்புக்கு 60 கிலோ சாறு கிடைப்பதாகக் கொள்வோம். இடைவெளி அகன்றதால் அது 55 கிலோவாகக் குறைகிறது. நாளொன்றுக்கு 10 டன் கரும்பு ஆட்டும் ஆலையில் 6,000 கிலோ சாறு கிடைக்க வேண்டிய இடத்தில் 5,500 கிலோதான் கிடைக்கும். 500 கிலோ சாறு சக்கையோடு போய்விடுகிறது. சாற்றில் ஏறத்தாழ 18 சதவீதம் வெல்லமாகும் என்று கொண்டால், இது 90 கிலோ வெல்லம். கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாள் இழப்பு 3,600 ரூபாய். நூறு நாள் ஆட்டினால் 3,60,000 ரூபாய். உருளையைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பிப் பல் வெட்டிப் பொருத்தும் செலவை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இழப்பு இத்தோடு நிற்பதில்லை. போன சாற்றில் பெரும்பகுதி தண்ணீர். அதாவது, சக்கையில் நாள்தோறும் ஏறத்தாழ 400 கிலோ தண்ணீர் கூடுதலாகச் சேர்கிறது. கொப்பரை அடுப்புக்கு எரிபொருளோ அதே சக்கைதான். 30 பாகைச் சூட்டில் உள்ள ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரியும், ஆவியாக்க 540 கலோரியும் வேண்டும் என்று நாம் பெளதிகத்தில் படித்திருக்கிறோம். ஈரச் சக்கையை எரித்தால் அந்த வெப்பம் பாகைக் காய்ச்சுவதற்குப் பதிலாகச் சக்கையின் நீரை விரட்டவே செலவாகும். அடுப்பு புகையும்; கொப்பரை இறங்க நேரமாகும்; விறகு வாங்க வேண்டிவரும். வெயில் இருந்தால் சக்கையைக் காயவைக்கலாம். ஆனால் ஈரம் கூடிய சக்கையைக் கூடுதலாக ஒருமுறை புரட்டிப்போட வேண்டும். புரட்டிப்போடும் என் தாயார் போன்ற பெண்களுக்கு அதற்காகக் கூலி கூடுவதில்லை. உருளையின் இடைவெளி எந்த முதுகில் போய் வலிக்கிறது என்பதை இங்கே காணலாம்.

காத்திருக்கும் கரும்பு

கரும்பை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆட்டிவிட வேண்டும் என்பது வேளாண்மைத் துறையினரின் அறிவுரை. இதன் காரணத்தை வேதியியல் சொல்கிறது.

வெட்டிய கரும்பு உயிரற்ற பொருள் அன்று. அதன் உள்ளேயுள்ள இன்வர்ட்டேஸ் என்னும் நொதி, சுக்ரோஸ் மூலக்கூறை ஒரு மூலக்கூறு நீருடன் சேர்த்துக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரு சர்க்கரைகளாகப் பிரிக்கிறது. ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும் சுக்ரோஸ், பிரிந்தபின் இடப்பக்கம் திருப்பும் கலவையாக மாறுவதால் இதற்கு 'எதிர்மாற்றம்' என்று பெயர். ஃபெலிங் கரைசலுடன் சுக்ரோஸ் வினைபுரியாது. பிரிந்த கலவையோ செங்கல் நிற வீழ்படிவைத் தரும். நம் ஆய்வகத்தில் நாம் செய்யும் சோதனைதான் இது.

இதனால் களத்தில் என்ன விளைவு? குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் மிகுந்த பாகு எளிதில் படிகமாவதில்லை. வெல்லம் இறுகாது, உருண்டை பிடிக்க வராது, பிடித்தாலும் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். மண்டியில் அதற்கு விலை குறைவு. நிறத்தைத் தூக்கிக் காட்டச் சிலர் 'ஹைட்ரோஸ்' என்னும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டைச் சேர்ப்பதும் உண்டு. இயந்திரத்தில் தொடங்கிய குறை உண்பவர் வயிற்றுக்குப் போவது இவ்வாறுதான்.

மேலும், வெட்டுவாயிலும் நசுங்கிய இடத்திலும் லியூக்கோனாஸ்டாக் என்னும் பாக்டீரியா புகுந்து, சுக்ரோஸைத் தின்று டெக்ஸ்ட்ரான் என்னும் பிசுபிசுப்பான பொருளை உண்டாக்குகிறது. அது சாற்றைக் குழகுழப்பாக்கி, வடிகட்டுவதையும் படிகமாவதையும் தடுக்கிறது. வெயிலில் கிடக்கும் கரும்பு எடையும் இழக்கிறது. எடைக்கு விலை வாங்கும் விவசாயிக்கு அது நேரான நஷ்டம்.

இயந்திரம் அரை நாள் நின்றால், அரை நாள் வேலை மட்டும் தள்ளிப்போகிறது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அந்த அரை நாளும் கரும்பு சும்மா இருப்பதில்லை.

பெரிய ஆலையில் பெரிய நஷ்டம்

களத்து ஆலையில் நாம் கண்டது சர்க்கரை ஆலையில் பன்மடங்காகப் பெருகும். பழனி - உடுமலை வழியில் மடத்துக்குளத்தை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் அமைந்துள்ள அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை, தமிழகத்தின் தொடக்ககாலக் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுள் ஒன்று. உடுமலை, பழனி வட்டாரக் கரும்பு விவசாயிகள் பலர் அதன் அங்கத்தினர்கள். இயந்திரங்கள் பழையனவாகி அடிக்கடி பழுதடைவதும், அவற்றைப் புதுப்பிக்க வேண்டும் என்று விவசாயிகள் கோருவதும் பல ஆண்டுகள் நாளேடுகளில் வந்த செய்திகள். அண்மை ஆண்டுகளில் அரவை நின்று, பதிவு செய்த கரும்பை வேறு ஆலைகளுக்கு அனுப்ப வேண்டிய நிலையும் நேர்ந்தது. புதுப்பிக்கும் செலவு ஒரு தொகையாகத் தாளில் நிற்கிறது. புதுப்பிக்காத செலவோ பல ஊர்களின் வயல்களில் சிதறிக் கிடக்கிறது. தாளில் நிற்பது பெரிதாகத் தெரிவது இயற்கையே.

இதைப் பொதுவான ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நாளொன்றுக்கு 1,200 டன் அரைக்கும் ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். 20,000 ரூபாய் பெறும் ஒரு பாகம் கைவசம் இல்லாததால் அது 12 மணி நேரம் நிற்கிறது. 600 டன் கரும்பு காத்துக் கிடக்கிறது. அதன் சர்க்கரைக் கட்டுமானம் அரை சதவீதம் குறைந்தால் 3 டன் சர்க்கரை காணாமற் போகும். கிலோ 40 ரூபாய் என்றால் 1,20,000 ரூபாய். பாகத்தின் விலையைப் போல் இது ஆறு மடங்கு. கொதிகலனில் வீணாக எரிந்த சக்கையும், பாதி வேலையில் நின்ற சூடான சாறு கெட்டதும் இதில் சேரவில்லை.

இனி, விவசாயியின் பக்கம் பார்ப்போம். மத்திய அரசு கரும்புக்கு அறிவிக்கும் விலை சர்க்கரைக் கட்டுமானத்தை ஒட்டி அமைகிறது. 2024-25 பருவத்துக்கு 10.25 சதவீதக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அப்பருவத்தில் கட்டுமானம் 0.1 சதவீதம் குறையும்தோறும் 3 ரூபாய் 32 காசு குறைந்தது. 9.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அதற்குமேல் குறைக்காமல் 315 ரூபாய் 10 காசு தரவேண்டியிருந்தது. இவ்விரண்டுக்கும் வேறுபாடு குவிண்டாலுக்கு 24 ரூபாய் 90 காசு. டன்னுக்கு 249 ரூபாய். ஏக்கருக்கு 40 டன் விளைந்தால் 9,960 ரூபாய்.

கட்டுமானம் கரும்பின் இரகத்தையும் மண்ணையும் நீரையும் பொறுத்தது என்பது உண்மையே. ஆனால் வெட்டு உத்தரவு வந்து வெட்டிய கரும்பு எத்தனை மணி நேரம் காத்திருந்தது என்பதையும், உருளைகள் எவ்வளவு நன்றாகப் பிழிந்தன என்பதையும் அது பொறுத்தது. இவை விவசாயியின் கையில் இல்லை. தன் கையில் இல்லாத இயந்திரத்தின் குறைக்கு அவர் தன் விலையில் தண்டம் கட்டுகிறார்.

கூலியாளின் கணக்கு

வெல்லம் காய்ச்சுபவர்களுக்குப் பல களங்களில் கொப்பரைக் கணக்கில்தான் கூலி. எத்தனை கொப்பரை இறக்கினார்களோ அத்தனைக்குப் பணம். இயந்திரம் நின்றால் சாறு இல்லை. சாறு இல்லையேல் கொப்பரை இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து போனவர், பத்து மணிக்குக் கைச்செலவுக்குக்கூட இல்லாமல் திரும்பி வருவதை நான் சிறு வயது முதல் கண்டிருக்கிறேன். இக்கட்டுரைக்காக என் தந்தையாரிடம் கேட்டபோது அவர் சொன்னார்: "மெசினு நின்னா மொதலாளிக்கு ரிப்பேரு செலவு, கண்ணு. நமக்கு அன்னைக்குப் பொழப்பே இல்ல."

பொருளாதாரப் புத்தகங்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. முதலாளிக்குத் தின நஷ்டமாகாத ஒன்று தொழிலாளிக்குத் தினக்கூலி நஷ்டமாகிறது. நஷ்டப்படுபவருக்கு இயந்திரத்தைத் திருத்தும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவருக்கு நஷ்டம் தெரிவதில்லை. பழுது நீடிப்பதன் இரகசியம் இதுவே.

கணிப்பொறியும் ஓர் இயந்திரமே

இது இரும்பு உருளைக்கு மட்டும் உரிய குறை அன்று. இன்று அலுவலகத்திலும் கடையிலும் உள்ள கணிப்பொறிக்கும் இது பொருந்தும். ரேஷன் கடையில் விரல்ரேகைக் கருவிக்கு இணைப்புக் கிடைக்காத நாளில் வரிசையில் நிற்பவர் அரை நாள் வேலையை இழக்கிறார். அந்த அரை நாள் எந்த இலாகாவின் கணக்கிலும் வராது.

இதன் மிகக் கொடிய எடுத்துக்காட்டு பிரிட்டனில் நிகழ்ந்தது. அங்கே அஞ்சலகங்களில் 1999 முதல் 'ஹொரைசன்' என்னும் கணிப்பொறிக் கணக்குமுறை புகுத்தப்பட்டது. அதன் பிழைகளால், இல்லாத பணக்குறைவை இருப்பதாகக் காட்டியது. இயந்திரம் பொய் சொல்லாது என்று நம்பிய மேலிடம், கிளை அஞ்சலகம் நடத்தியவர்களைத் திருடர்கள் என்றது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் இல்லாத குறைவைத் தம் கைப்பணத்தால் கட்டினர். 2019இல் உயர்நீதிமன்றம் அம்முறையில் பிழைகள் இருந்ததை உறுதி செய்தது. 2024இல் தனிச் சட்டம் இயற்றி அத்தண்டனைகளை நீக்கினர்.

இங்கும் அதே விதிதான். இயந்திரத்தின் குறை, அதைப் பேணும் பொறுப்பில்லாதவரின் கணக்கில் எழுதப்பட்டது. சரிபார்க்காத தராசில் நிறுத்துவிட்டு, வந்த விடை தவறென்று கரைசலைக் குறை கூறுவது போன்றது இது.

பிற நாட்டார் கண்ட வழி

1966இல் பிரிட்டிஷ் அரசுக்குப் பீட்டர் ஜோஸ்ட் என்பவர் தலைமையிலான குழு ஓர் அறிக்கை அளித்தது. உராய்வு, தேய்மானம், மசகிடுதல் ஆகியவற்றை ஒன்றாக ஆராயும் துறைக்கு 'டிரைபாலஜி' என்று பெயர் சூட்டியது இவ்வறிக்கையே. இத்துறையில் கவனம் செலுத்தினால் அந்நாட்டுத் தொழில்கள் ஆண்டுக்கு 51.5 கோடி பவுன் மிச்சப்படுத்தலாம் என்று அது மதிப்பிட்டது. அதில் எண்ணெய், கிரீஸ் ஆகியவற்றில் மிச்சமாவது 1 கோடிதான். பராமரிப்பிலும் பாகம் மாற்றுவதிலும் மிச்சமாவது 23 கோடி. இயந்திரம் நிற்பதால் வரும் நஷ்டங்களில் மிச்சமாவது 11.5 கோடி. கிரீஸின் விலையைக் குறைக்கப் பார்ப்பவர் சிறிய தொகையைப் பார்க்கிறார் என்பது இதனால் தெளிவாகும்.

ஜப்பானில் 1971ஐ ஒட்டி செய்ச்சி நகாஜிமா என்பவர் 'முழுமை உற்பத்திப் பராமரிப்பு' என்னும் முறையை வகுத்தார். இயந்திரத்தைப் பேணுவது மெக்கானிக்கின் வேலை மட்டுமன்று. அதை ஓட்டுபவரே நாள்தோறும் துடைத்து, எண்ணெயிட்டு, சோதித்துப் பேண வேண்டும் என்பது அதன் சாரம். பெரும்பழுதோடு சிறு நிறுத்தங்களையும் வேகக் குறைவையும் நஷ்டங்களாக எண்ண வேண்டும் என்றும் அவர் கூறினார்.

எங்கள் ஊர்க் களத்தில் பார்த்தால் இதன் அருமை புரியும். பெல்ட் நழுவல், சக்கை அடைப்பு, டீசல் தீர்ந்து ஆள் ஓடுதல் என்று பல நிறுத்தங்கள் பத்து நிமிடம், கால் மணி நேரம்தான். யாரும் இவற்றைப் பழுது என்று சொல்வதில்லை. ஆனால் ஓர் இயந்திரம் ஓட வேண்டிய நேரத்தில் 90 சதவீதம் ஓடி, ஓடும்போது 90 சதவீத வேகத்தில் ஓடி, விளைந்ததில் 90 சதவீதம் நல்ல சரக்காக இருந்தால், மொத்தப் பயன் 90 அன்று. மூன்றையும் பெருக்கினால் 72.9 சதவீதம்தான். ஒவ்வொன்றும் நல்ல மதிப்பெண் போலத் தோன்றிக் கூட்டில் நான்கில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

நாம் செய்யக்கூடியவை

பெரும் முதலீடு இல்லாமலே செய்யக்கூடிய சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

1. நிறுத்தப் பதிவேடு: இயந்திரம் எப்போது நின்றது, எப்போது ஓடியது, ஏன் நின்றது, அப்போது எவ்வளவு கரும்பு காத்திருந்தது, எத்தனை ஆட்கள் சும்மா இருந்தனர் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதவேண்டும். அதற்கு ஒரு பேனா போதும்.

2. சாற்றின் எடை: வாரம் ஒருமுறை 100 கிலோ கரும்பை நிறுத்து ஆட்டி, சாற்றையும் நிறுத்தால் உருளை தேய்வது உடனே தெரியும்.

3. பருவம் முடிந்ததும் பழுது பார்த்தல்: பருவத்துக்கு நடுவில் அவசரமாகச் செய்யும் வேலை, ஓய்வுக் காலத்தில் நிதானமாகச் செய்யும் வேலையைவிடச் செலவு மிக்கது. தேயும் பாகங்களில் ஒரு மாற்று கைவசம் இருப்பது நலம்.

4. ஓட்டுபவரைக் கேட்டல்: புஷ் ஆட்டம் கண்டதை முதலில் அறிபவர் கரும்பு கொடுக்கும் ஆள். அவர் சொல்லுக்கு மதிப்பளித்தால் பாதிப் பழுது வராது.

5. காத்திருந்த நேரத்துக்குக் கூலி: நிறுத்தம் ஆலையின் குறையால் என்றால் தொழிலாளிக்கு ஒரு பகுதிக் கூலியாவது தரவேண்டும். இது இரக்கம் அன்று, நிர்வாக முறை. அந்தக் கூலி ஏட்டில் ஏறிய மறுநாளே நிறுத்தங்கள் குறையத் தொடங்கும்.

இவற்றுள் ஐந்தாவதே முதன்மையானது என்பது என் கருத்து. மற்ற நான்கும் செலவைக் காட்டும். இது ஒன்றே அச்செலவை, அதைத் தடுக்கக் கூடியவரின் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முடிவுரை

புதிய இயந்திரம் வாங்கும் நாளில் சந்தனம் பூசி, மாலையிட்டு, தேங்காய் உடைக்கிறோம். ஆயுத பூஜையன்று மீண்டும் பொட்டு வைக்கிறோம். இடையிலுள்ள நாட்களில் அதற்கு வேண்டியது கிரீஸும் கவனிப்பும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். விஞ்ஞானம் இயந்திரத்தைத் தந்தது. அதைப் பேணும் ஒழுங்கை நாம்தான் தரவேண்டும்.

என்னைப் போலக் களத்திலிருந்தும் வயலிலிருந்தும் கல்லூரிக்கு வந்த மாணவ நண்பர்கள் இங்குப் பலர் உண்டு. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு வாரம், அங்கே ஓடும் ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் நோட்டுடன் உட்காருங்கள். அது நெல் அரைக்கும் ஆலையாக இருக்கலாம், விசைத்தறியாக இருக்கலாம், கூட்டுறவுச் சங்கத்தின் கணிப்பொறியாக இருக்கலாம். நின்ற நேரத்தையும், அதனால் யார் என்ன இழந்தார் என்பதையும் எழுதுங்கள். பிறகு அதைக் கூட்டிப் பொறுப்பில் உள்ளவரிடம் காட்டுங்கள். கணக்கில் ஏறாத செலவை யாரும் குறைக்க முயல்வதில்லை. ஏற்றி வைப்பது படித்தவர் கடமை.